ஆத்மாண்ணனுக்கு ஆபரேஷன்

ஜெபராஜ் இருந்தான். கௌதமன் இருந்தார். நான் இருந்தேன். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டா. கதவுக்கு அந்தப் பக்கம் ஆத்மாண்ணன், நெஞ்சில் தையலோடு, இன்னும் முழிக்காமல்.

கேஜிஎஃப்பில் ஆத்மாண்ணனைப் போல மனுஷரைப் படுத்தியவர் யாரும் கிடையாது. தங்கச் சுரங்கத்தை மூடினபோதுகூட ஜனம் அவ்வளவு தலையில் கை வைக்கவில்லை.

தினமும் விடிகாலையில் நாலு பேரும் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறுவோம். வேலை பெங்களூர் பக்கம். ஆத்மாண்ணன் அங்கே வாட்ச்மேன். ஏறியதுமே ஆரம்பிப்பார்.

"பெட்டியில எத்தினி லைட்டு எரியுது பாரு. கரண்ட் ஒண்ணுதானே? அதான் ஆத்மா. உடம்புதான் வேற வேற."

சொல்லிக்கொண்டே ஜெபராஜின் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

"அது என் தோசைண்ணா!"

"யார் துன்னா இன்னாடா? உள்ள இருக்கறது ஒண்ணுதானே."

"அப்ப உன் சம்பளத்த எங்கிட்ட குடு."

"சம்பளம் மாயைடா. உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

ஜெபராஜ் கத்தோலிக்கன். ஆளுக்கு ஓர் ஆத்மா, அது ஆண்டவரிடம் போகும் என்பான். கௌதமன் பௌத்தர். ஆத்மாவே கிடையாது என்பார்.

"கிடையாதுன்னு சொல்றியே, சொல்றது யாருய்யா?"

"என் வாய்யா!"

இந்தச் சண்டையில் ஒரு நாள் இறங்க வேண்டிய ஸ்டேஷனே போய்விட்டது. நாலு பேருக்கும் அரைநாள் சம்பளம் கட். "ஆத்மாவுக்கு ஏதுய்யா ஸ்டேஷன்?" என்றார். அடிக்கப் போனோம்.

போன வாரம் அதே ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சொந்தம் என்று யாருமில்லை. நாங்கள்தான் சேர்த்தோம். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஜெபராஜின் கையை ஆத்மாண்ணன் விடவில்லை.

"வெட்டறது உடம்பத்தானேண்ணா. உனக்கு இன்னா பயம்?"

"இத்தினி வருஷமா கூடவே இருந்துச்சேடா."

ஆபரேஷன் முடிந்தது என்றார்கள். முழிக்கவில்லை என்றார்கள். மறுநாளும் வராண்டாதான். ஜெபராஜ் ஜெபமாலையை உருட்டினான். மடியில் டிபன் பாக்ஸ். திறக்கவில்லை. ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். எழுந்தோம். எங்களைப் பார்க்காமல் தாண்டி ஓடினாள். அப்புறம் உட்காரத் தோன்றவில்லை.

கௌதமன் என் காதோரம் கேட்டார்.

"ஒருவேளை இருக்குமோ, ஆத்மா?"

"தெரியலண்ணா."

"இருந்துட்டுப் போவட்டும்யா."

மத்தியானம் கதவு திறந்தது.

"முழிச்சிட்டாரு. ட்யூப எடுத்ததும் தோசை எங்கன்னு கேட்டாரு" என்றாள் நர்ஸ்.

ஜெபராஜ் சிரித்தான். பிறகு டிபன் பாக்ஸால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"ஒருத்தர்தான் உள்ள போகலாம். நீங்க எத்தனை பேர்?"

கண்ணெதிரே நிற்கிறோம். கௌதமன் எங்கள் இருவர் தோளிலும் கை போட்டு இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு."