மாட்டுக்கு இடமில்லை என்றேன்

அரைகுறையாகப் படித்தவன் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தபால் வழியில் விவிலியப் படிப்பில் சேர்ந்திருந்தேன். (பெண் பார்க்கும் வீட்டில் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா?) மொத்தம் இரண்டு புத்தகங்கள். இயேசுவின் பிறப்பை மத்தேயு எப்படிச் சொல்கிறார், லூக்கா எப்படிச் சொல்கிறார் என்று ஒப்பிடுவது முதல் புத்தகம். யூத மறைநூல்களில் அவற்றின் வேர்களைத் தேடுவது இரண்டாவது. அதன் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கிழிக்கவில்லை.

முதல் புத்தகமே தலைக்கேறிவிட்டது. குழந்தையைப் பார்க்க வரும் இடையர்கள் லூக்காவில் மட்டும். ஞானிகள் மத்தேயுவில் மட்டும், அவர்கள் வருவதும் வீட்டுக்கு, தொழுவத்துக்கு அல்ல. இதுகூடத் தெரியாமல் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு கூட்டத்தையும் ஒரே கிறிஸ்துமஸ் குடிலில் நிறுத்துகிறார்களே என்று எனக்கு ஒரே வேதனை.

எங்கள் ஊரில் குடில் பொம்மைகள் கோவிலுக்குச் சொந்தமில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் உரிமை. வருடமெல்லாம் பரணில் பத்திரமாக வைத்திருந்து, டிசம்பரில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்தோடு தூக்கி வருவார்கள். அதில் மாட்டுப் பொம்மை, திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சவரிமுத்து வீட்டு உரிமை. அவர் மகள் அமலிக்கும் எனக்கும் தை மாதம் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. அவர் என்னை "மாப்ள" என்று கூப்பிடவே ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்பதற்காகவே அவர் தோட்டத்துப் பக்கம் வேலையில்லாமல் போய் வருவேன்.

அந்த ஞாயிறு பூசை வைத்த பங்குச்சாமி, "படிச்ச ஆளு, நீயே விளக்கம் சொல்லி வையப்பா" என்று மைக்கைக் கொடுத்தார். நான் குடிலை இரண்டாகப் பிரித்தேன். இந்தப் பக்கம் லூக்கா, அந்தப் பக்கம் மத்தேயு. (குழந்தை இயேசு ஒன்றுதான் இருக்கிறது என்பதை யோசிக்கவே இல்லை.) கடைசியாக, துண்டில் சுற்றிய மாட்டோடு சவரிமுத்து வந்தார்.

"மாப்ள, இத எங்கன வைக்க?"

"எங்கனயும் வைக்க முடியாது மாமா" என்றேன், மைக்கில். "மத்தேயுலயும் மாடு இல்ல, லூக்காவுலயும் இல்ல. இது ஆதாரமில்லாத மாடு."

சவரிமுத்து மாட்டை மறுபடி துண்டில் சுற்றினார்.

"சரிங்க தம்பி" என்றார்.

தம்பி! ஊர் பார்க்க, ஒரே நொடியில் நான் மாப்பிள்ளைப் பதவியை இழந்தேன்.

பெண்கள் பக்கமிருந்து அமலி எழுந்து வந்தாள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள்.

"பழைய ஏற்பாட்டுல எசாயா படிச்சிருக்கீகளா?"

"அது ரெண்டாவது புத்தகம். இன்னும் பிரிக்கல." அதையும் மைக்கில்தான் சொன்னேன்.

"அதுல முதல் அதிகாரத்துலயே மாடும் கழுதையும் வருது. மாட்டுக்குத் தன் எசமான் யாருன்னு தெரியுது, என் சனத்துக்குத் தெரியலையேன்னு கடவுள் வருத்தப்படுறாரு. அத மனசுல வச்சுத்தான் அந்தக் காலத்துல குடில்ல மாட்ட நிப்பாட்டுனாக. மாட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே!"

கோவில் மொத்தமும் சிரித்தது. பங்குச்சாமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். நான் ஓடிப்போய், "மாமா, நானே வைக்கிறேன், குடுங்க" என்று கெஞ்சினேன். அவர் உடனே விடவில்லை.

"பாத்துத் தூக்குங்க. கொம்பு ஒட்ட வச்சது, தம்பி."

இன்னும் தம்பிதான். நிச்சயம் தையிலிருந்து ஈஸ்டருக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. "ரெண்டாவது புத்தகத்த முடிச்சிட்டு வரச் சொல்லுங்கப்பா" என்பது அமலியின் நிபந்தனை. பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், சமையலறையிலிருந்து அமலி குரல் வரும்: "ரெண்டாவது புத்தகம் பிரிச்சாச்சா?" எங்கள் மகளும் அதையே சொல்லப் பழகிவிட்டாள்.

மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி. மாட்டைச் சுமக்கும் உரிமை எனக்கு வந்துவிட்டது. போன டிசம்பரில் துண்டில் சுற்றி என் தோளில் ஏற்றிவிட்டு, முதுகில் தட்டிச் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் விளக்கம் சொல்ல வேணாம் மாப்ள. எங்கன நிக்கணும்னு மாட்டுக்குத் தெரியும்."