வடமேற்கு மூலை

நீலப்படை மறுபடியும் வடமேற்கு மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

வர்ஜீனியா ராணுவ முகாமின் கணினித் திரையில் அறுநூறு நீலப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு வீரன். யாரும் அவர்களை நகர்த்துவதில்லை. அச்சம், துணிச்சல், நட்பு என்று ஆய்வாளர் லேலண்ட் தன் கணினிப் போர் மாடலில் கொடுத்த எண்களை வைத்து அவரவரே முடிவெடுப்பார்கள். தென்கிழக்கிலிருந்து வரும் சிவப்புப்படையை எதிர்த்துக் குன்றைப் பிடிக்க வேண்டும். இவர்களோ சிவப்பைக் கண்டதும் எதிர்மூலைக்கு நடையைக் கட்டினார்கள்.

பதினொரு மணிக்குக் கர்னல் டிரிஸ்கல் பார்க்க வருகிறார். மாடல் உருப்படியாக இல்லை என்று தோன்றினால் மூன்று வருடத் திட்டத்துக்கு மூடுவிழா. லேலண்டுக்கு பூட்ஸ் கிடங்கில் வேலை.

துணிச்சலைக் கூட்டினார். துணிச்சல் வந்த வீரர்கள் அதிகாரி பேச்சை மதிக்காமல் முன்னைவிட வேகமாக மூலைக்கு ஓடினார்கள். நட்பைக் கூட்டினார். குன்றடியில் தப்பித் தவறி நின்றிருந்த ஏழு பேரும் நண்பர்களைத் தேடிப் போய்விட்டார்கள். கடுப்பில் அந்த மூலையையே சதுப்பு நிலமாக்கினார். கழுத்தளவு சேற்றில் இறங்கி நின்றார்கள்.

பக்கத்து மேசை வெரா எட்டிப் பார்த்தாள்.

"இவங்க குணத்தை எல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"நிஜ வீரர்கள்கிட்டதான். நாப்பது பேர் ஃபாரம் நிரப்பிக் குடுத்தாங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒருவரும் கொடுக்கவில்லை. குண்டுச் சத்தம் கேட்டால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகளுக்கெல்லாம் நாற்பது ஃபாரத்திலும் ஒரே மதியத்தில், சாண்ட்விச் தின்றபடி, அவரே பதில் எழுதியிருந்தார். அதையும் மனசாட்சியோடு எழுதித் தொலைத்திருந்தார்.

பத்து ஐம்பத்தைந்துக்குத் தாழ்வாரக் கோடியில் கர்னலின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக வெராவிடம் சொல்லிவிட்டு லேலண்ட் நழுவினார்.

காகிதக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து போகிற அளவுக்கு இல்லை.

இருபது நிமிடத்தில் கதவு திறந்தது. கர்னலின் ஓட்டுநர் சார்ஜென்ட் மார்லா நேராகப் பெட்டிகளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பல் வலி எப்படி சார் இருக்கு?"

"முப்பது ரூம் இருக்கு இந்தக் கட்டடத்துல. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நாப்பது ஃபாரமும் ஒரே கையெழுத்துன்னு நீங்க அனுப்பினப்பவே கர்னல் பார்த்துட்டாரு சார். இன்னைக்குத் திரையைப் பார்த்துட்டு, 'திட்டம் தொடரட்டும், மாடல் அச்சு அசலா இருக்கு. ஆளு வடமேற்கு மூலை ரூம்ல இருப்பாரு, போய்க் கூட்டிட்டு வா'ன்னாரு."