மாமனார் கொட்டிய 'ம்'

அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க நம்மில் யாருக்கும் தனிக் கருவி எதுவும் கொடுக்கப்படவில்லை. மூளை என்ன செய்கிறது என்றால், 'இந்த ஆள் இடத்தில் நான் இருந்தால் எப்படி இருப்பேன்?' என்று தன்னையே கேட்டுப் பார்த்து, வருகிற பதிலை அந்த ஆள் தலையில் கட்டிவிடுகிறது. தன் சட்டையை வைத்தே ஊரில் எல்லோருக்கும் அளவெடுக்கும் டெய்லர் மாதிரி. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. தபால் வழியில் உளவியல் படித்தபோது பாடப் புத்தகத்தில் இருந்தது. 'எதிரில் இருப்பவர் நம்மைப் போன்றவராக இல்லாவிட்டால் இந்த வழி கவிழ்த்துவிடும்' என்று அடுத்த பக்கத்திலேயே போட்டிருந்ததாம். அந்தப் பக்கம் வரை நான் போகவில்லை. (முதல் வருடமே மூன்று பேப்பர் ஊத்திக்கொண்டது.)

படித்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தால்தான் இன்று என் ரேஷன் கார்டு ஏரியூர் முகவரியில் இருக்கிறது.

அப்போது தர்மபுரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீடு நல்லம்பள்ளிப் பக்கம். அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். எனக்குப் பெண் பார்த்தது ஏரியூரில். பெண் பெயர் கலைவாணி. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்துவிட்டது என்று என்னை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டேன். (அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது. அவள் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.)

மண்டபம், சீர் என்று எல்லாப் பேச்சும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கலைவாணியின் அப்பா முனிரத்தினம் மாமா தொண்டையைச் செருமினார். மாந்தோப்பும் நிலக்கடலைக் காடும் வைத்திருப்பவர். சாதாரணமாகப் பேசினாலே தோப்பில் குரங்கு விரட்டுகிற குரல்.

"எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் மாப்பிள்ள இங்கியே வந்து இருந்துட்டாருன்னா தேவலாங்க."

"எனக்கும் ஒரே பையந்தானுங்க" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவானால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம். அதாவது, சாப்பிடுவோம். உள்ளே நாட்டுக்கோழி கொதிக்கிற வாசனை வாசல்வரை வந்து கூப்பிட்டது. நாங்கள் கை நனைக்காமலே கிளம்பினோம். பஸ்ஸில் அம்மா ஒரே தடவைதான் சொன்னாள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான்டா. வேற எது கேட்டாலும் ஒத்துக்க. வூட்டோட மாப்பிள்ளையா மட்டும் போயிடாத. என்னைய ஒத்தையில உட்டுடாத." அதற்குப் பிறகு வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அம்மாவும் அப்படி, நானும் அப்படி. எங்கள் சண்டையில் சத்தமே வராது என்பதால், பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை மிக ஒற்றுமையான குடும்பம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சில வாரம் கழித்து கலைவாணியே போன் செய்தாள். "அப்பா தர்மபுரி வந்திருக்காரு. ஈ.பி. ஆபீஸ்ல என்னமோ வேலையாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து உங்க வண்டியில கொண்டாந்து உட்டுட முடியுங்களா? வழியில கொஞ்சம் நல்லபடியா பேசி வையுங்க. பாலக்கோட்டுல இருந்து வேற ஒரு எடம் வருது. அப்பா சரின்னுட்டாருன்னா அப்பறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன்.

மாமா ஒரு கடை நிழலில் நின்றிருந்தார். காதையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. இடது கன்னம் உப்பியிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது என்று சொல்வோமே, இவர் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தார். பாதிக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

"வணக்கங்க மாமா."

"ம்."

"ஈ.பி. ஆபீஸ் வேலை முடிஞ்சுதுங்களா?"

"ம்."

நம் மொழியில் 'ம்' என்ற ஒற்றை எழுத்துக்குச் சரி, அப்புறம், போடா, பார்த்துக்கிறேன் என்று எத்தனையோ அர்த்தம் உண்டு. எதை எடுப்பது? உளவியல் மாணவன் அல்லவா, உடனே என்னையே கேட்டேன்: நான் எப்போது 'ம்' மட்டும் சொல்வேன்? கொலைவெறியில் இருக்கும்போது. முடிந்தது. மாமா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது ஒரு வெடிகுண்டை ஏற்றிக்கொண்டு போவது போல வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டியதும் முதல் வேகத்தடை வந்தது. "மண்டபம் தர்மபுரியிலதான் வேணும்னு அம்மா சொன்னதுல உங்களுக்கு வருத்தங்களா மாமா?" என்று கேட்ட நேரத்தில் வண்டி தூக்கிப் போட்டது.

"ம்ம்!"

அடேயப்பா, எவ்வளவு வருத்தம்! "உங்க பக்கம் பென்னாகரத்துலயே வெச்சுக்கலாங்க" என்றேன். பாதை சமமாக இருந்தது. மாமா அமைதியானார். ஆக, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறேன்.

அடுத்த வேகத்தடையில் சீர்வரிசை எதுவும் வேண்டாம் என்றேன். அதற்கடுத்ததில், பத்திரிகையில் உங்கள் பக்கத்துப் பெயர்களையே முதலில் போடலாம் என்றேன். இண்டூர் வந்தபோது மாமாவின் 'ம்' இன்னும் நீளமாகவும் இன்னும் ஆழமாகவும் வர ஆரம்பித்தது. இவ்வளவு விட்டுக்கொடுத்தும் கோபம் ஏறுகிறதே! கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். ஒரு பெரிய மனிதரைக் கோபத்தில் அழவே வைத்துவிட்டேன்!

"மாமா, என் மீசை புடிக்கலீங்களா? எடுத்துர்றேங்க."

"ம்ம்ம்!" (இந்தத் தடவை வேகத்தடை கூட இல்லை. பள்ளம்.)

இண்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே நான் விட்டுக்கொடுத்ததை எல்லாம் இப்போது சொன்னால் என் பிள்ளைகள் முன்னால் எனக்கு மரியாதை இருக்காது. பெயரை நியூமராலஜிப்படி மாற்றிக்கொள்ளவும் தயார் என்றேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பென்னாகரத்தில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். மனுஷன் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஒரு டீ உள்ளே போனால் இறங்கிவிடுவார் என்று கணக்கு. (நான் இறங்கிவிடுவேன். வேறு எதை வைத்துக் கணக்குப் போடுவது?) சூடான டீயை இரண்டு கையாலும் நீட்டினேன். மாமா பயந்தவர் போலப் பின்னால் நகர்ந்து வேகமாகத் தலையாட்டினார். தண்ணீர் கொடுத்தேன். அதற்கும் தலையாட்டினார். கையையே ஆட்டினார்.

என் கையால் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார். சம்பந்தம் முறிந்துவிட்டது என்பதை எங்கள் ஊரில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கலைவாணி பாலக்கோட்டு மாப்பிள்ளைக்கு டம்ளரில் தண்ணீர் கொடுப்பது கண் முன்னால் ஓடியது. அவளை இழக்க என்னால் முடியாது என்று அந்த டீக்கடை வாசலில்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா பஸ்ஸில் சொன்னதும் காதில் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"மாமா, நான் உங்க வூட்டோடயே வந்து இருந்துர்றேங்க!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாமா என்னை உற்றுப் பார்த்தார். சிவந்த கண்ணில் மறுபடி தண்ணீர் திரண்டது. என் தோளில் கையை வைத்து அழுத்தி, "ம்" என்றார். அன்று அவர் சொன்ன 'ம்'களில் அது ஒன்றுதான் உண்மையான 'ம்' என்று பிறகு தெரிந்தது.

ஏரியூர் வீட்டில் இறங்கியதும் மாமா யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். வாயைத் திறந்து ரத்தம் தோய்ந்த பெரிய பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து எறிந்தார். கலைவாணியும் அவள் அம்மாவும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, கத்தாதீங்க. கடவாப்பல்லு. தர்மபுரியில புடுங்கிட்டு வந்துட்டேன்" என்றார் குழறலாக. "ஈ.பி. ஆபீஸுன்னு சும்மா சொன்னேன். பல்லு புடுங்கப் பயப்படறான்னு நீங்க சிரிப்பீங்க. ஊசி போட்டு, பஞ்சக் கடிச்சுக்கிட்டே வூட்டுக்குப் போ, பேசாத, சூடா எதுவும் குடிக்காத, கொப்புளிக்காதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இண்டூரு வந்ததும் மரத்துப்போனது வுட்ருச்சு பாரு, யப்பா! ஒவ்வொரு மேட்டுக்கும் உசுரு போயிட்டு வந்துது."

நான் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடினேன். "அப்ப... என் மேல கோவம் இல்லீங்களா மாமா?"

"கோவமா? கோவம்னா ஏனுங்க பேசாம இருக்கணும்? எனக்குக் கோவம் வந்தா ஒகேனக்கல் வரைக்கும் கேக்குமே!" என்று நிஜமாகவே புரியாமல் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, வலியை மறந்து சிரித்தார். "மாப்பிள்ள வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாரு. நான் ஒரு வார்த்த கேக்கல. மண்டபம், சீரு, அல்லாம் அவரே சொல்றாரு. கடைசியில நம்ம வூட்டோடயே இருக்கறேன்னுட்டாரு! மனசுல பாசம் இல்லாதவன் இவ்ளோ பேசுவானா? நானா இருந்தா பேசுவனா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்னை வைத்து அவரை அளந்துகொண்டு வந்தேன். பின்சீட்டில் அவர் தன்னை வைத்து என்னை அளந்துகொண்டு வந்திருக்கிறார். என் வாயில் இருந்து வந்தது மொத்தமும் பயம். அவர் காதில் விழுந்தது மொத்தமும் பாசம்.

'அது இல்லைங்க மாமா, ஒரு சின்ன குழப்பம்' என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். கலைவாணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயைத் திறந்தபோது அதில் களியும் கீரைக்குழம்பும் இருந்தன. அத்தை எப்போது தட்டு வைத்தார், நான் எப்போது உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை. பாதி உருண்டை உள்ளே போன பிறகுதான் என் கையைப் பார்த்தேன். நனைந்திருந்தது.

"கை நனைச்சுட்டாருடி!" என்று அத்தை உள்ளே பார்த்துக் கூவினார். இனி எந்த நீதிமன்றத்திலும் எனக்கு அப்பீல் கிடையாது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் பேச்சை நிறுத்தினாள். அது கோபம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அளவுச் சட்டை கச்சிதமாகப் பொருந்துகிற ஒரே ஆள் அவள். கல்யாணத்துக்கு எல்லா வேலையும் செய்தாள், பேசாமல் செய்தாள். மேடையில் அட்சதை போடும்போதுதான் வாயைத் திறந்தாள். "நல்லா இருடா" என்றாள். மீசை இல்லாத முகத்தோடு நான் தேம்பித் தேம்பி அழுதேன். (ஆமாம், மீசையை எடுத்திருந்தேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.)

இப்போது பென்னாகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா மாடு கன்றை விட்டு வரமாட்டேன் என்று நல்லம்பள்ளியிலேயே இருக்கிறாள். ஏரியூர் வீட்டில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: "மாப்பிள்ளகிட்ட எதாச்சும் வேணும்னா கேக்காதீங்க. உம்முனு உக்காருங்க, அவரே குடுத்துருவாரு." என் மகள் இப்படி உட்கார்ந்துதான் சைக்கிள் வாங்கினாள். கலைவாணி வாங்கிய கிரைண்டரைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

போன வருடம் ஊர்த் திருவிழாவுக்கு அம்மா வந்திருந்தாள். வந்ததில் இருந்து பேச்சில்லை. சோற்றையும் சரியாகத் தொடவில்லை. "சம்மந்தியம்மா, உங்களுக்கும் பல்லு வலிங்களா?" என்று மாமா கேட்க, வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்கு என்ன தெரியும்? என் அம்மா மனது எனக்குத் தெரியாதா? தோப்புப் பக்கம் தனியாக அழைத்துப் போனேன்.

"என் மேல கோவமாம்மா?"

"ம்."

"ஒத்தையில உட்டுட்டு வந்துட்டேன்னு இத்தன வருசமா மனசுலயே வெச்சிருக்கிறியா?"

"ம்."

"இனிமே மாசத்துல ஒரு வாரம் நான் அங்க வந்து உன்கூட இருக்கறேம்மா. சத்தியமா."

அம்மா மெதுவாக வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்து உள்ளே காட்டினாள். கடைவாய்ப்பல் ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"பல்லுதானாம்மா?" என்றேன். "அப்ப, அந்த ஒரு வாரம்..."

"பல்லுதான்டா வலிச்சுது" என்றாள் அம்மா. "காது நல்லாத்தான் கேட்டுது."