செம்மண் பூசிய முயல்

படித்ததை உடனே செய்து பார்க்கத் துடிக்கும் ஆசாமிகளை நம்பி வளர்ப்புப் பிராணிகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். அந்த ஆசாமி நான்தான்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, திண்டுக்கல் டவுனை விட்டு நகராத என்னை உத்தியோகம் குஜிலியம்பாறைப் பக்கம் தூக்கிப் போட்டது. ஊர்க்கோடியில் வாடகை வீடு. பின்கதவைத் திறந்தால் சோளம் அறுத்த மானாவாரிக் காடு. அதற்கு அப்பால் வானம்தான். மகள் ஜெனி அப்போது மூன்றாம் வகுப்பு. புது ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதம் பஞ்சு என்ற வெள்ளை முயல்.

ஒருநாள் பக்கத்துக் காட்டு முருகாயி அக்கா வேலியோரம் நின்று, "சார், எங்க வெடக்கோழிய ஏதோ தூக்கிட்டுப் போயிருச்சு. முயலப் பாத்துக்கங்க" என்றார்.

அன்றே செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். பருந்தின் பார்வை, கீரி நுழையும் சந்து, நரி மண்ணைத் தோண்டிக் கூண்டுக்குள் வரும் விதம் என்று ஒரே வாரத்தில் நிபுணனாகிவிட்டேன். (இரவுச் சாப்பாட்டின்போது கீரியின் பல்லைப் பற்றி நான் ஆற்றிய உரையில் ஜெனி தோசையை வைத்துவிட்டு எழுந்து போனாள்.) பயந்துபோய்ப் பார்க்க ஆரம்பித்தவன், நாளாக ஆக அந்தப் பிராணிகளிடம் மயங்கியும் போனேன். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் காகிதத்தின் மேல் ஒரு பருந்து சாவகாசமாக வட்டமிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் மனைவி ஸ்டெல்லா வீட்டுக் கல்யாணம். பஞ்சுவைத் தனியாக விட்டுவிட்டு வர ஜெனி சம்மதிக்காததால் காவலுக்கு நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். கிளம்பும்போது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் செத்த நேரம் வெளிய விடணும்ப்பா. நீ கூடவே இருக்கணும்."

"இருக்கேன்டா."

"போன் பாக்கக் கூடாது."

"சத்தியமா பாக்க மாட்டேன்."

(பார்க்கவும் இல்லை. அந்த ஒரு சத்தியத்தை மட்டும் காப்பாற்றினேன்.)

மூன்று மணிக்குப் பஞ்சுவை வெளியே விட்டேன். சிவந்த மண்ணின் மேல் அது டியூப்லைட் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெகு உயரத்தில் ஒரு பருந்து. அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. காட்டு முயல் ஏன் மண் நிறத்தில் இருக்கிறது?

ஒரு வாளித் தண்ணீரில் செம்மண்ணைக் குழைத்துக் காது நுனி முதல் வால் வரை பஞ்சுவுக்குப் பூசிவிட்டேன். அது என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பிறகு வெயிலில் காயவிட்டு, வேப்பமரத்தடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

பருந்து சிறகை அசைக்கவே இல்லை. காற்றின் மேல் சாய்ந்து மெல்ல ஒரு வட்டம். பிறகு இன்னொன்று. அறுத்த சோளத்தட்டைகளுக்குள் காற்று புகுந்து சரசரத்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் நானும் எடையற்று மேலே போவதுபோல இருந்தது. கீழே எங்கள் வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. மரத்தடியில் ஒரு மடையன் படுத்திருந்தான். அவனுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. என்ன வேலை?

திடுக்கிட்டு எழுந்தேன். பஞ்சுவைக் காணோம்.

என் பூச்சு அபாரமாக வேலை செய்திருந்தது. அந்தக் காடு முழுக்க முயல் நிறத்தில்தான் இருந்தது. மண்கட்டி ஒவ்வொன்றும் பஞ்சுவாகத் தெரிந்தது. நாலைந்து மண்கட்டிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சினேன். ஒன்றும் வரவில்லை. ஜெனியின் முகம் நினைவுக்கு வந்தது.

அப்போது வரப்பின் மேல் நீளக் காலும் வளையம் போட்ட வாலுமாக ஒரு காட்டுப்பூனை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மாலை வெயில் அதன் உடம்பில் பொன்போல் பட்டிருந்தது. அத்தனை அழகான பிராணியை அதற்கு முன் நேரில் கண்டதில்லை. நான் அதைப் பார்த்தேன். அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் காட்டைப் பார்த்தது. இருவரும் ஒரே முயலைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

வித்தியாசம் என்னவென்றால், அது கண்ணை நம்பவில்லை. காதுகள் மட்டும் மெல்லத் திரும்பின. திரும்பி, ஓர் இடத்தில் நின்றன. அந்தத் திசையில் பத்தடி தூரத்தில் ஒரு மண்கட்டி சோளத்தட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

பூனை பதுங்கியது. நான் கத்திக்கொண்டே பாய்ந்தேன். கருவேல முள்ளில் கைலி மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. (உள்ளே டவுசர் இருந்தது, மாதாவுக்கு நன்றி.) விழுந்து புரண்டு, பஞ்சுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பூனையைக் காணோம். பொன்னிறத் தட்டைகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

சரியாக அந்த நேரத்தில் கல்யாண வேன் வந்து வாசலில் நின்றது. மாமியார், மைத்துனர், பட்டுப்புடவைகள் எல்லாம் வரிசையாக இறங்கின.

"ஏங்க, என்னங்க இது கோலம்? கைல என்ன, பெருச்சாளியா?" என்றாள் ஸ்டெல்லா.

"பஞ்சு" என்றேன். ஜெனி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த முருகாயி அக்கா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். முள்ளிலிருந்து கைலியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பூன மோப்பத்துலயும் சத்தத்துலயும்ல வரும் சார்? நாலு முழம் கம்பிவலை வாங்கிக் கட்டுனா முடிஞ்சுபோச்சு. இதுக்கா இம்புட்டு வேல பாத்தீங்க?"

மறுநாளே வலை கட்டினேன். பஞ்சு இரண்டு குளியலில் இளஞ்சிவப்பானது. பழைய வெள்ளை திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. இதெல்லாம் மறந்துபோயிருக்கும், அந்த வருடம் ஜெனி ஒரு வீட்டுப்பாடம் எழுதாமல் இருந்திருந்தால். முயலுக்கு ஆபத்து விளைவிப்பவை எவை என்பது கேள்வி. அவள் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்: பருந்து, நரி, காட்டுப்பூனை, அப்பா.

டீச்சர் நான்குக்குமே சரி போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை ஸ்டெல்லா கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முதலில் அதைப் படிக்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள்.