தும்புத்தடி பிடித்த பாரோ

பலெர்மோவை ஆண்ட ஒரே எகிப்திய மன்னர் மானிப்பாயில் பிறந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஊரின் அல்பெர்கேரியாச் சந்துகளில் குடியிருக்கும் தமிழர் நாங்கள் எல்லோரும் அவரைப் பாரோ அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

சீசாப் பகுதியில் குடியிருந்து படம் வரையும் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் அவருக்குத் துப்புரவு வேலை. ஒருநாள் அந்த அம்மா அவரை உற்றுப் பார்த்து, "உனக்கு எகிப்திய முகம். பழைய எகிப்தின் அரசசபையை வரையப்போகிறேன், நிற்பாயா?" என்று கேட்டார். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றார்.

"செங்கோலுக்குப் பதிலாத்தான் தும்புத்தடி" என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். படம் முடியும்வரை யாருக்கும் காட்டுவதில்லை என்பது சிஞ்ஞோராவின் வழக்கம். ஆகவே அண்ணை சொன்னதுதான் வேதம்.

அன்று தொடங்கியது அட்டகாசம். பழைய எகிப்தியர் பக்கவாட்டில்தான் நிற்பார்கள் என்று யாரோ சொல்லிவிட, பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் மனிதர் பக்கவாட்டிலேயே நின்றார். நடையும் அப்படியே. போதாக்குறைக்கு மீசையையும் மழித்துவிட்டார்.

"பாரோ ராசாமாருக்கு மீசை இல்லையப்பா" என்றார், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் தன் மனைவியிடம்.

"அப்ப ராசாவுக்கு இண்டைக்குச் சோறும் இல்லை" என்றார் அக்கா.

கண்காட்சி நாள் வந்தது. பட்டுச்சேலை, வேட்டி, மாலை, சரிகைப் பொன்னாடை சகிதம் படையெடுத்தோம். படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். சிங்காசனத்தில் நீலக்கண்ணும் பொன்னிற முடியுமாக ஒரு பையன், கடற்கரையில் வெயில் காய வந்தவனைப் போல வீற்றிருந்தான். அவனுக்குப் பின்னால் தூணோடு ஒட்டி, பெரிய இறகு விசிறியைப் பிடித்தபடி எங்கள் அண்ணை. எகிப்தை வரையும் ஐரோப்பியருக்கு அரசன் எப்போதும் அவர்கள் வீட்டுப் பிள்ளை. விசிறத்தான் எங்கள் நிறம் வேண்டும்.

சிஞ்ஞோராவிடம் வஞ்சகம் இல்லை. "அழகாக வந்திருக்கிறாய், இல்லையா?" என்று அண்ணையின் கன்னத்தில் முத்தமிட்டார்.

அக்கா பொன்னாடையோடு நின்றார். "இஞ்சேருங்கோ, இதை ஆருக்குப் போடுறது?"

அண்ணை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ராசாவுக்குப் போடு. எனக்குக் கையிலை வேலை கிடக்கு."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சந்தைக்கு எல்லோரையும் போல நேராக நடந்து வந்தார். மீசையும் திரும்ப முளைத்தது. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. அந்தக் கோணல் நடையை இன்றும் கண் தேடுகிறது.

போன மாரியில் அண்ணை கண்ணை மூடிவிட்டார். மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அந்தப் பொன்னாடையை அக்கா கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினார்.

"இப்ப கையிலை ஒரு வேலையும் இல்லைத்தானே, என்ரை ராசா" என்றார்.