ராஜபாளையத்தைக் கட்டி ஏத்தணும்

"கயித்தோட வா. முரண்டு பிடிச்சாக் கட்டித்தான் ஏத்தணும்!"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தத்தில், ஈர வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த விஜயபாண்டி அப்படியே நின்றுவிட்டான். பக்கத்து வீட்டு ஏசம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ராஜபாளையம்தான். நேரத்துக்குத் திங்கும், தூங்கும். கூப்பிட்டாக் காதுல விழாது. தேவதானத்துத் தோட்டத்துல விட்டாத்தான் சரிப்படும். ஸ்வீட்லின் வேலை முடிஞ்சு வாரதுக்குள்ள லோடு ஆட்டோவக் கொண்டாந்திரு."

மடவார் வளாகத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். அவன் பெண்டாட்டி மகாலட்சுமி பதினாறு வருஷமாக 'சங்கரன்கோவில்'. ஏசம்மாளின் மகள் ஸ்வீட்லினைக் கட்டி, மூன்று மாதமாக வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை ஜெர்வின்தான் 'ராஜபாளையம்'.

அடப்பாவி மக்கா! மாப்பிள்ளையைக் கட்டித் தூக்கப் போறாளே!

சொந்த வீட்டில் மோட்டார் ரிப்பேராகி ஒரு மாசமாகிறது, அதைத் திரும்பிப் பார்க்காதவன். அடுத்த வீட்டுப் பிரச்சினை என்றால் மட்டும் எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வருமோ! ஏசம்மாள் பேசிக்கொண்டே அப்பால் நகர்ந்ததும் ஒரே தாவலில் மதிலைத் தாண்டி, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்வினை உலுக்கினான்.

"மாப்ள, எந்திரிங்க!"

"காப்பி போட்டாச்சா அண்ணாச்சி?"

"காப்பியா? உங்க மாமியா உங்களக் கயித்துல கட்டி லோடு ஆட்டோல ஏத்தப் போறாவ!"

மூன்று மாதத்தில் ஜெர்வின் ஓடியது அன்றைக்குத்தான். நேராக விஜயபாண்டி வீட்டுக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"ஏங்க, நான் குளிச்சிட்டுக் கல்யாணத்துக்குப் போவணும்! யாரு உள்ள?" என்றாள் மகாலட்சுமி.

"செத்த நேரம் சும்மா இரு. ஒரு உசுரக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

தனியாகக் காப்பாற்ற முடியாது என்று தோன்றியது. தெருவுக்கு ஓடி, கேட்டதையெல்லாம் சொல்லி ஆள் திரட்டினான். அதுதான் அடுத்த தப்பு. தெரு ரெண்டாகப் பிளந்துவிட்டது.

"வீட்டோட மாப்பிள்ளைன்னா எம்புட்டுக் கேவலம்னு எனக்குத் தெரியும்லே!" என்று தனுஷ்கோடி துண்டால் கண்ணைத் துடைத்தார். அவரும் வீட்டோடு மாப்பிள்ளைதான்.

"மூணு மாசம் சும்மா உக்காத்தி வச்சுச் சோறு போட்டிருக்காவ. அந்தக்காதான் பாவம்," என்றாள் சிவரஞ்சனி. அவளுக்கு ஒரு மருமகன் இருக்கிறான்.

பேச்சு முற்றி, "போலீசுக்குப் போன் போடுங்கப்பா!" என்று யாரோ கத்தியபோது, ஏசம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எவம்லே அது, எம் வீட்டு வாசல்ல கூட்டம் கூட்டுதது?"

விஜயபாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். "யக்கா, நாயமா இது? ராஜபாளையத்தக் கயித்துல கட்டி ஏத்தப் போறீயளாமே? எல்லாத்தையும் கேட்டுட்டேன்!"

ஏசம்மாள் ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு போனைத் தடவி ஒரு படத்தை நீட்டினாள். வெள்ளை வெளேரென்று ஒரு நாய்.

"கூறுகெட்டவனே! ராஜபாளையம் நாயிலே! போன வாரம் எம் மூத்த மவன் வாங்கிட்டு வந்தான். கொரலே எடுக்காது, அதான் ஒருத்தருக்கும் தெரியல."

"நாயா!"

தெரு மொத்தமும் சிரித்தது. கண்ணைத் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி சொன்னார்: "காது கேக்காட்டி கட்டித்தாங்க்கா ஏத்தணும். வேற வழி?"

"தோட்டத்துல விடுங்கக்கா. அதுக்கு அதான் சுகம்," என்றாள் சிவரஞ்சனி.

"கயிறு பத்தாது. சங்கிலியாப் போடுங்க," என்றான் விஜயபாண்டி.

விஜயபாண்டி வீட்டுக் குளியலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஜெர்வின் சிரித்துக்கொண்டே வந்தான். போன உயிர் திரும்பி வந்திருந்தது. "நாயத்தான் சொன்னியளா அத்தை? நான் பயந்தே போயிட்டேன். எங்க கெடக்கு? நானே ஏத்தி விடுதேன்."

"பின்னால கெடக்கு. கிட்டப் போவாதீய, கடிச்சிரும்," என்றாள் ஏசம்மாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எல்லோரும் ரெண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தேவதானத்தில் தோட்டம் பார்க்கிற ராக்கப்பன் தோளில் கயிற்றோடு இறங்கினார்.

"யக்கா, நேத்து ஏத்திட்டுப் போன நாய் அங்க நல்லாருக்கு. இன்னைக்கு ஏத்தணும்னியளே இன்னொரு ராஜபாளையம், அது எங்க?"