சேறு பூசிய வரப்பில் மாமனாருடன் ஒரு நடை

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவனெல்லாம் வயலில் இறங்கியவன் இல்லை. அதற்கு நானே சாட்சி.

கல்யாணமான புதிதில், கோயம்புத்தூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் விடுமுறைக்குத் திருவிடைமருதூர் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்தார்கள். மாமனார் வாராவாரம் மலையேறுகிறவர். உங்கள் ஊரில் எல்லாம் தட்டையாகக் கிடக்கிறதே, நடக்க என்ன இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வரப்பு வழியாகவே காவிரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன், பாதை எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்றேன். (வயலை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக.) அப்பா கும்பகோணம் போயிருந்ததால் தடுக்க ஆளில்லை.

நானும் மாமனாரும் கிளம்பிப் போகையில் ஓரிடத்தில் வரப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் புல் மண்டிக் கிடந்தது. மற்றது மெழுகிவிட்டாற்போல் பளபளத்தது. விருந்தாளியை நல்ல வழியில்தானே அழைத்துப்போக வேண்டும்? நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கி ஈரச்சேறு பூசுவார்கள், காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் எம்.பி.ஏ.

நாலாவது அடியில் முழங்கால்வரை இறங்கினேன். காலை இழுத்தேன், வரப்பும் கூடவே வந்தது. எங்கள் வயலில் கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் பக்கத்து நாற்றங்காலுக்குள் பாய்ந்தது. அது செல்வி அக்காவுடையது. முளைகட்டிய விதையை அன்று காலைதான் தெளித்திருந்தார். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனால் அவருக்கு அந்தச் சம்பா அவ்வளவுதான். மறுபடி விதை வாங்கி முளைகட்டுவதற்குள் வாய்க்காலில் முறைத் தண்ணீர் நின்றுவிடும்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டே, "தம்பி, அந்த உடைப்புல அப்படியே உக்காருங்க" என்றார்.

இஸ்திரி போட்ட வெள்ளை பேன்ட்டோடு உட்கார்ந்தேன். தண்ணீர் நின்றது. (என் அகலத்தால் ஊருக்கு விளைந்த முதல் நன்மை.) மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அக்கா வெட்டிப்போட்ட மண்ணை என்னைச் சுற்றி அப்பினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழப் பார்த்தேன்.

"அசையாதீங்க மாப்பிள்ளை, நல்லா அடைச்சிருக்கீங்க" என்றார். அரைமணி நேரம் கழித்துத்தான் விடுதலை.

விதை பிழைத்தது. நாற்று பச்சை கட்டிவிட்டது என்று அப்பா போனில் சொன்ன அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வருடங்கள் ஆகியும் எங்கள் ஊரில் எங்கே வரப்பு உடைந்தாலும், மாமனார் அழைத்ததையே பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்கிறார்கள். போன மாதம் கோயம்புத்தூரில் மாமனார் வீட்டுச் சமையலறைக் குழாய் பீறிட்டது. நான் பிளம்பருக்குப் போன் போடப் போனேன். மாமியார் சிரிக்காமல் ஒரு மணையைக் கொண்டுவந்து குழாய்க்கு நேராகப் போட்டார்.

"பிளம்பரு எதுக்குங்க? நீங்க உக்காருங்க மாப்பிள்ளை."